காய்ச்சல் விட்ட மறுநாள் உடம்பெல்லாம் புள்ளி: அம்மையா, மருந்து அலர்ஜியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "திருமணமாகி இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. மகளுக்கு 14 மாதம், எடை 10 கிலோ. திங்கட்கிழமை திடீரென்று 39.8 டிகிரி காய்ச்சல். சளி, இருமல் பெரிதாக இல்லை. செவ்வாய்க்கிழமை டாக்டர் அமாக்ஸிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார். வியாழன் ராத்திரி காய்ச்சல் முழுசாக விட்டது. வெள்ளி காலையில் நெஞ்சு, முதுகு, கழுத்தெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். ஆனால் சிரிக்கிறாள், விளையாடுகிறாள். மாமியார் 'அம்மா வந்திருக்கா' என்று வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்; மூன்று தண்ணி ஊற்றும் வரை குளிப்பாட்டக் கூடாது என்கிறார். மருந்துக்கடையில், 'இது பெனிசிலின் அலர்ஜி, இனி ஆயுசுக்கும் கொடுக்கக் கூடாது' என்றார்கள். 6 மாதத்திலும் 12 மாதத்திலும் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. நாத்தனார் நாலு மாதக் கர்ப்பிணி, ஒரே வீட்டில் இருக்கிறோம். அடுத்த ஞாயிறு கோயிலில் கஞ்சி ஊற்றுகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா? யார் சொல்வதைக் கேட்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நாள் கணக்கு எழுதி அனுப்பியது பெரிய உதவி. குழந்தைகளின் தடிப்பில் புள்ளியின் உருவத்தைவிட அது எந்த நாளில் வந்தது என்பதுதான் அதிகம் சொல்லும். மூன்று நாள் கடும் காய்ச்சல், காய்ச்சல் சட்டென்று விடுகிறது, விட்ட சில மணி நேரத்தில் நெஞ்சிலும் முதுகிலும் புள்ளி, குழந்தை பழையபடி ஆடிப்பாடுகிறாள். 6 மாதம் முதல் 2 வயது வரை உள்ள குழந்தைக்கு இந்த வரிசையில் வருவது பெரும்பாலும் ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சல். கடிதத்தை வைத்து இதுதான் என்று முடிவு கட்ட முடியாது. அதனால் மற்ற விஷயங்களுக்குப் போகும் முன் ஒரு சோதனையை இப்போதே செய்யுங்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் பக்கவாட்டைப் புள்ளியின் மேல் வைத்து நன்றாக அழுத்தி, கண்ணாடி வழியாகவே பாருங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்து, எடுத்ததும் திரும்ப வந்தால், அது தோலின் சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்ததால் வந்த சிவப்பு. வைரஸ் தடிப்பு பெரும்பாலும் இப்படித்தான். அழுத்தியும் மறையாமல் ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ நின்றால், ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கிறது. அதோடு காய்ச்சலும் இருந்தால் மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் இறங்கியிருக்கலாம். அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. அப்போது கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கவே கூடாது. கைப்பேசியிலிருந்து 112, அல்லது ஆம்புலன்சுக்கு 10177.

நம் பிள்ளைகளின் மாநிற, கருநிறத் தோலில் சிவப்பு, படங்களில் இருப்பதுபோல் பளிச்சென்று தெரியாது. கொஞ்சம் கருத்த மாதிரி, அல்லது பழுப்பாகத் தெரியும். அதனால் டியூப்லைட்டில் பார்க்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நுனியால் தடவிப் பாருங்கள்; மேடு கட்டியிருந்தால் கை சொல்லிவிடும். டம்ளர் சோதனையை உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு போன்ற வெளிறிய இடங்களில் செய்யுங்கள். கீழ் இமையின் உள்பக்கத்தையும் வாயின் அண்ணத்தையும் பாருங்கள். மஞ்சள் பூசியிருந்தால் முதலில் கழுவிவிடுங்கள். மஞ்சள் பூசிய உடம்பில் எந்த டாக்டராலும் தடிப்பைப் படிக்க முடியாது.

டம்ளரில் மறைந்தாலும் சில அறிகுறிகள் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். எழுப்பினாலும் கண்ணைத் திறக்காமல் துவண்டு கிடப்பது. 8 மணி நேரமாக டயபர் நனையாதது. தூங்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ணினால் மூச்சு 40-க்கு மேல் போவது, அல்லது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது. தோல் கொப்புளித்து உரிவது. வாயிலும் கண்ணிலும் புண். காய்ச்சல் 5 நாளைத் தாண்டியும் நிற்காமல், பீளையில்லாமல் கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி மாதிரி சிவந்து, கைகால் வீங்கினால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். அதற்குக் காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கினால்தான் இதயத்தின் ரத்தக்குழாய்கள் கெடாமல் காக்க முடியும். இந்த நாட்டில் இன்னொன்றும் உண்டு: புல்வெளிக்கோ பண்ணைக்கோ போய்வந்த சில நாளில் காய்ச்சலும் தடிப்பும் வந்து, உடம்பில் எங்காவது நடு கறுத்த ஒரு சின்னப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக்கடிக் காய்ச்சல். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, தலைமுடிக்குள் தேடுங்கள். அதற்கு வேறு மருந்து.

இனி ரோசியோலா. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த 6-ஆம் எண் வைரஸ், சில சமயம் 7-ஆம் எண் வைரஸ், இதற்குக் காரணம். பெரும்பாலும் நலமாக இருக்கும் பெரியவர்களின் எச்சில் வழியாகத்தான் குழந்தைக்குப் போகிறது. எங்கிருந்து ஒட்டியது என்று வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று வயதுக்குள் இந்த வைரஸ் வந்து போய்விடும். வைரஸ் ரத்தத்தில் பெருகும் நாட்களில் காய்ச்சல். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கும் வேளையில் தோலில் புள்ளி. 'உள்ளே இருக்கும் சூடு வெளியே வருகிறது, வரவிடு' என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: புள்ளி வரும்போது நோய் முடிந்துகொண்டிருக்கிறது. ஆனால் விஷம் எதுவும் தோல் வழியாக வெளியேறவில்லை. அதனால் போர்த்திப் புழுங்க வைத்து 'வெளியே வரவழைக்க' வேண்டியதில்லை. 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள், அரிப்பு அநேகமாக இருக்காது, ஒன்று முதல் மூன்று நாளில் தழும்போ தோல் உரிவதோ இல்லாமல் மறைந்துவிடும்.

தட்டம்மையை உங்கள் மாமியார் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. 2022, 2023-இல் இந்த நாட்டில் அது பல மாகாணங்களில் பரவியது. ஆனால் தட்டம்மையில் வரிசை தலைகீழ்: முதலில் மூன்று நான்கு நாள் இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு, காய்ச்சல், புள்ளி வரும்போது காய்ச்சல் விடாது, இன்னும் ஏறும். புள்ளி காதுக்குப் பின்னாலும் நெற்றி முடியோரத்திலும் தொடங்கி, மூன்று நாளில் கீழே இறங்கிக் காலுக்கு வரும். குழந்தை சிரிக்காது, வெளிச்சத்தைப் பார்க்கவே சிணுங்கும். உங்கள் மகளுக்கு இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது, காய்ச்சலும் போய்விட்டது. ஊசியால் வரும் லேசான புள்ளி 7 முதல் 12 நாளுக்குள் வரும். இரண்டு மாதம் கழித்து வராது. காய்ச்சலும் இருமலும் புள்ளியும் சேர்ந்து வரும் குழந்தையை மட்டும் கிளினிக்குக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மற்ற குழந்தைகளோடு வரிசையில் உட்காராமல் போங்கள். சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு தட்டம்மையையும் அரசுக்குத் தெரிவித்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது இங்கே கட்டாயம். குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள். கண்ணையும் உயிரையும் காப்பது அது.

சின்னம்மை என்றால் புள்ளி நீர்க்கொப்புளமாக மாறும்; ஒரே இடத்தில் புதுசு, பழுத்தது, காய்ந்தது மூன்றும் கலந்திருக்கும். வாயில் புண்ணும் உள்ளங்கை, உள்ளங்கால், புட்டத்தில் கொப்புளமும் வந்தால் கை-கால்-வாய் நோய். 2025 பிப்ரவரியில் டர்பன் பக்கப் பள்ளிகளில் பரவியதே, அது. அதன் ஒரு வகையில் நாலைந்து வாரம் கழித்து நகம் கழன்று விழும், அம்மாக்கள் அலறிப்போவார்கள். புது நகம் தானாக வளர்ந்துவிடும். கன்னத்தில் அறைந்த மாதிரி சிவந்து, கையில் பின்னல் வேலைபோல் கோலம் வந்தால் பார்வோ வைரஸ். காய்ச்சல் போய் ஒரு வாரம் கழித்து கன்னம், முழங்கை, முழங்கால், புட்டத்தில் மட்டும் கெட்டிப் பருக்களாக வந்து, நெஞ்சும் முதுகும் சுத்தமாக இருந்தால் அது ஜியானோட்டி-க்ரோஸ்டி. இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை நிற்கும், ஆபத்தில்லை. எட்டு வாரம் என்று முன்பே தெரியாத தாய் அதற்குள் மூன்று டாக்டரையும் நாலு கிரீமையும் பார்த்துவிடுவார், அதனால்தான் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வைரஸுக்குப் பிறகு வரும் இன்னொரு தடிப்பு, மேடுமேடாகத் தடித்து அரிக்கும் அர்டிகேரியா. வீட்டில் எல்லோரும் 'என்ன சாப்பிட்டாள்' என்று விசாரிப்பார்கள். சின்னக் குழந்தைகளில் பெரும்பாலும் காரணம் சாப்பாடு அல்ல, இரண்டு நாள் முன்பு வந்த சளிக்காய்ச்சல்தான். பால்பாயிண்ட் பேனாவால் ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லாமல் வேறு இடத்தில் வந்திருந்தால் அர்டிகேரியா. உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், தொடர்ந்து வாந்தி எடுத்தால் அது வேறு, உடனே ஆம்புலன்ஸ்.

அமாக்ஸிசிலின் விஷயத்துக்கு வருகிறேன். அது பெனிசிலின் குடும்பத்து ஆன்டிபயாடிக். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது புள்ளி அல்ல, மருந்துக்கடையில் சொன்ன அந்த 'ஆயுசுக்கும்'. வைரஸ் காய்ச்சலின் நடுவில் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறோம், வைரஸ் தன் வழியில் புள்ளியைக் கொண்டுவருகிறது, பழி மருந்தின் மேல் விழுகிறது. பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்ட குழந்தைகளை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜியே இல்லை. ஆனால் அந்த வார்த்தை குழந்தையின் உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிட்டால் இறங்காது. அடுத்த முறை காது சீழ்பிடித்தாலும் நிமோனியா வந்தாலும், குறிதவறாமல் அடிக்கும் மலிவான மருந்தை விட்டுவிட்டு, வயிற்றைக் கெடுக்கும் விலையுயர்ந்த மருந்துக்குப் போவார்கள். தொண்டைப் புண்ணிலிருந்து தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் தென்னாப்பிரிக்காவில் இன்றும் இருக்கிறது. அதைத் தடுக்க முதல் மருந்து பெனிசிலின்தான்.

நிஜ அலர்ஜி பெரும்பாலும் மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் தடித்து, அரித்து, முகம் வீங்கி வரும். அமாக்ஸிசிலினால் தாமதமாகவும் ஒரு புள்ளித் தடிப்பு வரும், வழக்கமாக 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள்; அதுவும் பெரும்பாலும் சாதுவானது. உங்கள் மகளுக்கு வந்தது மருந்தின் நாலாம் நாள், காய்ச்சல் விட்ட மறு காலை. இரண்டில் எது என்று தோலைப் பார்த்து மட்டும் யாராலும் பிரிக்க முடியாது. அதனால் அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வையுங்கள், எழுதிக்கொடுத்த டாக்டரை இன்றே கூப்பிட்டு, எதற்காகக் கொடுத்தார் என்று கேளுங்கள். காதில் சீழ், நிமோனியா போல் தெளிவான காரணம் இருந்தால் மாற்று மருந்து தருவார். காய்ச்சலுக்காக மட்டும் என்றால் இனித் தேவையே இருக்காது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

பிறகு ரோட் டு ஹெல்த் என்ற அந்தப் பதிவுப் புத்தகத்தில் 'அலர்ஜி' என்று எழுத விடாதீர்கள். நடந்ததை எழுதச் சொல்லுங்கள்: முதல் வேளை கொடுத்த தேதி, நேரம், மொத்தம் எத்தனை வேளை, கடைசி வேளைக்கும் முதல் புள்ளிக்கும் இடையே எத்தனை மணி நேரம், அரிப்பு, வீக்கம் இருந்ததா, அப்போது காய்ச்சல் இருந்ததா. ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று கிட்டத்திலும் ஒன்று தள்ளியும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து, குழந்தை நலமாக இருக்கும்போது, குழந்தை மருத்துவரிடம் இதைக் காட்டினால், அவர் மேற்பார்வையில் அமாக்ஸிசிலினைக் கொடுத்துக் கூடவே வைத்துக் கவனித்து விடை சொல்வார். வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டுப் பராமரிப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யக் கூடாதது நிறைய. காய்ச்சல் இல்லையென்றால் காய்ச்சல் மருந்து வேண்டாம். திரும்ப வந்து குழந்தை அவதிப்பட்டால் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி.: 10 கிலோவுக்கு 150 மி.கி. இங்கே கிடைக்கும் குழந்தை சிரப்பில் 5 மில்லியில் 120 மி.கி. இருந்தால் அவளுக்கு ஒரு வேளைக்கு 6 மில்லி. 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. சமையல் கரண்டியில் அல்ல, சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். தப்பு நடப்பது எங்கே என்றால், சிரப் கொடுத்துவிட்டு ஆசனவாயில் மாத்திரையும் வைத்து, ராத்திரி சளி மருந்தும் கொடுப்பது. மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும், கல்லீரல் தாங்காது. இன்னொன்று, பாராசிட்டமாலோடு கோடீனும் புரோமெதசினும் கலந்த சிரப் இங்கே பல வீட்டு அலமாரியில் இருக்கிறது, 'குழந்தை நன்றாகத் தூங்கும்' என்று பாட்டிமார் சொல்வார்கள். அந்தத் தூக்கத்தில் மூச்சே நின்றுபோகலாம். கோடீன் 12 வயதுக்குள்ளும் புரோமெதசின் 2 வயதுக்குள்ளும் கொடுக்கவே கூடாது. பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆஸ்பிரின் கலந்த தலைவலிப் பொடியும் குழந்தைக்கு ஆகாது. சின்னம்மை என்று சந்தேகமிருந்தால் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.

குளிப்பாட்டலாம், இன்றே. வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிஷம், வாசனையில்லாத சோப்பு கொஞ்சம், பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். டெட்டால் ஊற்ற வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். பக்கத்து வீட்டு ஸ்டீராய்டு கிரீம் வேண்டவே வேண்டாம். கற்பூரத் தைலம் மார்பில் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போய்க் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். தாய்ப்பால், ரசம் சாதம், தயிர், வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது. பத்தியம் இல்லை.

மாமியார் வாசலில் கட்டிய வேப்பிலையைப் பற்றி. அது இருக்கட்டும். அம்மை வந்த வீடு என்று இலையால் அடையாளம் வைத்து, வெளியாள் வராமல், வீட்டார் கோயில் கூட்டத்துக்கும் போகாமல் இருந்தது, தடுப்பூசி இல்லாத காலத்தில் பல குழந்தைகளைக் காப்பாற்றிய வழக்கம். ஆனால் அது எந்த மரத்து இலை என்று ஒரு முறை பாருங்கள். இங்கே பல வீடுகளில் வேப்பிலை என்று பறிப்பது சிரிங்கா மரத்தின் இலை. ஊரில் மலைவேம்பு என்போமே, அதன் இனம். வேப்பிலை ஒரே ஈர்க்கில் இருபக்கமும் வரிசையாக நிற்கும். சிரிங்காவில் ஈர்க்கு மறுபடி கிளை பிரிந்து இலை விட்டிருக்கும், மஞ்சள் நிறத்தில் கொத்துக்கொத்தாகக் கோலிக்குண்டு போல் காய் தொங்கும். அந்தக் காய் விஷம். வாந்தி, பேதி, நடுக்கம், வலிப்பு வரை போகும், தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் அளவுதான் இருக்கும். வாசலில் கட்டினால் காயைக் கிள்ளிவிட்டு உயரமாகக் கட்டுங்கள். அரைத்துப் பூசவோ சாறு கொடுக்கவோ வேண்டாம். நிஜ வேப்பிலைச் சாறும் இந்த வயதுக்கு ஆகாது. விழுங்கிவிட்டாள் என்று தோன்றினால் வாந்தி எடுக்க வைக்காமல், விஷ ஆலோசனை எண் 0861 555 777-ஐக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

நாத்தனாருக்கு ரோசியோலாவால் பயமில்லை. பெரியவர்களுக்கு அது சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். ஆனால் வீட்டில் புள்ளி வந்த குழந்தை இருந்தது என்பதை அவர் பிரசவ கிளினிக்கில் சொல்ல வேண்டும். அரசு ஊசியில் ஜெர்மன் தட்டம்மை எனும் ருபெல்லாவுக்கான மருந்து சேர்ந்தது 2024-இல்தான். அதனால் இங்கே வளர்ந்த இளம்பெண்கள் பலர் அந்த ஊசி போடாதவர்கள். ருபெல்லா முதல் 16 வாரத்திலும் பார்வோ வைரஸ் 20 வாரத்துக்குள்ளும் வயிற்றுக் குழந்தையை அதிகம் பாதிக்கும். நாலாம் மாதம் என்பதால் உங்கள் மகளை டாக்டர் நேரில் பார்த்து ரோசியோலாதான் என்று சொல்லிவிட்டால் நல்லது. அவருக்குச் சந்தேகம் இருந்தால் நாத்தனாருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பார்கள். எங்காவது சின்னம்மைக் குழந்தையோடு அவர் இருந்திருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அதற்கான பாதுகாப்பு ஊசிக்கு 10 நாள்தான் கெடு.

கிரெஷ் எனும் குழந்தைகள் காப்பகத்துக்கு, காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம் ஆகிவிட்டால் புள்ளி இருந்தாலும் அனுப்பலாம். ரோசியோலாவில் புள்ளியைப் பார்த்து ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. தட்டம்மையானால் புள்ளி வந்த நாளிலிருந்து 4 நாள், சின்னம்மையானால் எல்லாப் பொருக்கும் காயும் வரை வீட்டில்.

கஞ்சி ஊற்றும் ஞாயிறன்று, டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார், காய்ச்சல் திரும்பவில்லை என்றால் தாராளமாகத் தூக்கிக்கொண்டு போங்கள். கஞ்சியை ஆற வைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன அவளுடைய கிண்ணத்திலும் கரண்டியிலும் ஊட்டுங்கள். அதில் வெங்காயத் துண்டோ மிளகாயோ இருந்தால் எடுத்துவிடுங்கள், இந்த வயதில் தொண்டையில் சிக்கும். சாம்பிராணிப் புகைக்குப் பக்கத்தில் நிற்காமல், சேலைத் தலைப்பால் வெயில் படாமல் மூடிக்கொண்டு, மாமியார் மடியிலேயே உட்கார வையுங்கள்.